கம்பியும் கப்பியும்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவில் மேடை ஏறிய மாணவர்களுள் நானும் ஒருவன். என்னை நீங்கள் மறந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் கிதாரின் சுருதி விலகி, பாடிய நண்பன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போக, கீபோர்டு வாசித்தவர் செய்வதறியாது கையை எடுத்துவிட, பின்வரிசையிலிருந்து "கம்பியை இழுத்துக் கட்டுடா, பந்தல்காரா!" என்று ஒரு குரல் எழுந்ததல்லவா? அந்தக் கிதார்க்காரன் நான்தான். அந்தக் குரலுக்கு உரியவர் இன்று என் நண்பர். அவர் கேட்டதில் தவறில்லை. கம்பியை இழுத்துக் கட்டத் தெரியாததுதான் என் குறை. அதைக் கற்றுக்கொண்ட கதையை நம் மலரில் எழுதுவது என் கடமை என்று எண்ணுகிறேன்.

அந்தக் கிதார் என் தாய்மாமாவுடையது. திருவிழாக் காலங்களில் ஊர் ஊராகச் சென்று திரைப்பாடல்களை இசைத்த ஒரு மெல்லிசைக் குழுவில் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் வாசித்தார். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் அவர் வீடு தங்கமாட்டார். பிறகு குழு கலைந்தது. மாமா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். கிதார் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தது. நான் பிளஸ் டூ தேறிய அன்று, "உனக்குத் தர என்கிட்ட வேற ஒண்ணும் இல்லடா மாப்ளே, இதை எடுத்துக்க" என்று அவரே பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க மின்கிதாரின் வடிவத்தைப் பார்த்துச் செய்த மலிவான நகல் அது. மூலக் கிதாரை 1954ஆம் ஆண்டு வெளியிட்டவர் லியோ ஃபெண்டர் என்பவர். கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது பலருக்கு வியப்பளிக்கும். இதை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

இந்தக் கிதாரின் உடலில் ஒரு சிறு கைப்பிடி உண்டு. அதை அழுத்தினால் கம்பிகள் மாட்டியிருக்கும் தகடு முன்னே சாய்ந்து, எல்லாக் கம்பிகளும் ஒரே சமயத்தில் தளரும். கையை விட்டால் பின்புறமுள்ள சுருள்வில்கள் தகட்டைப் பழைய நிலைக்கு இழுக்கும். சுருதி தாழ்ந்து மீண்டும் எழுவதால் ஒலி தண்ணீரில் மிதப்பது போல் அசையும். மாமாவுக்கு அது உயிர். எனக்கும் அப்படியே. ஆனால் ஒருமுறை கைப்பிடியை அழுத்தி விட்டால் கம்பிகள் பழைய சுருதிக்குத் திரும்புவதில்லை. மேடையில் நடந்தது அதுதான்.

விழா முடிந்த அடுத்த வாரம் நகரத்தில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கிதாரின் தலைப்பகுதியைப் பார்த்தார். முறுக்காணிகள் துருவேறியிருந்தன. "கம்பி இங்கேதான் நழுவுது தம்பி. லாக்கிங் டியூனர் போட்டுடுங்க. அப்புறம் சுருதி அசையவே அசையாது" என்றார். விலை இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.

லாக்கிங் டியூனர் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீணையில் மரத்தாலான பிருடைகளைத் திருகிச் சுருதி சேர்ப்பார்கள். யாழில் கம்பியை வலிக்கும் கருவியை மாடகம் என்றனர் நம் முன்னோர். கிதாரில் அந்த வேலையைச் செய்வது உலோக முறுக்காணி. குமிழைத் திருகினால் ஒரு திருகுப்பல் சுழலும். அது ஒரு சிறு பற்சக்கரத்தைச் சுழற்றும். பற்சக்கரத்தோடு சேர்ந்த தண்டில் கம்பி சுற்றிக்கொள்ளும். குமிழைப் பதினான்கு அல்லது பதினெட்டு முறை திருகினால்தான் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். சாதாரண முறுக்காணியில் கம்பி நழுவாமல் இருக்கத் தண்டின் மேல் இரண்டு மூன்று சுற்றுகள் சுற்ற வேண்டும். லாக்கிங் டியூனரிலோ தண்டு உள்ளே துளையுடையது. பின்புறம் ஒரு சிறு திருகு இருக்கும். கம்பியைத் தண்டின் குறுக்குத் துளையில் நுழைத்து, இழுத்துப் பிடித்து, பின் திருகை முடுக்கினால் உள்ளிருந்து ஓர் ஊசித்தண்டு எழும்பிக் கம்பியைத் துளையின் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திருகினாலே சுருதி வந்துவிடும். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து ஸ்பெர்சல் நிறுவனம் 1980களில் செய்த முறுக்காணிகளால் இந்த முறை பரவியது.

நல்ல பொருள்தான். ஆனால் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு நான் எங்கே போவேன்?

என் தந்தை சைக்கிள் கடை வைத்திருப்பவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில், அப்பா வழியிலும் அம்மா வழியிலும், கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 2024ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்தவன் என்ற முறையில் என் வங்கிக் கணக்கிற்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது. அதில் கை வைக்கக்கூடாது, புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் மட்டுமே என்பது வீட்டில் எழுதாத சட்டம். அதிலும் அந்த மூன்று மாதப் பணத்துக்கு அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒளியியல் புத்தகம் ஒன்று, கணிதப் புத்தகம் ஒன்று, நல்ல கால்குலேட்டர் ஒன்று.

நான் மூன்றும் வாங்கவில்லை. "வாங்கிட்டியாடா?" என்று அப்பா கேட்டபோது "வாங்கிட்டேம்ப்பா, ஹாஸ்டல் பையன்கிட்ட இருக்கு" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! எழுத்துக் கூட்டித் தினத்தாள் படிப்பவரிடம் புத்தகத்தைப் பற்றிப் பொய் சொல்வது எளிது. அவர் எந்தப் புத்தகம், எத்தனை பக்கம் என்று கேட்க மாட்டார். அந்த எளிமைதான் இன்றும் என்னைச் சுடுகிறது.

பொய்யைக் காப்பாற்ற முறுக்காணிகள் ஒத்துழைக்கவில்லை. கிதாரின் தலையிலிருந்த பழைய துளைகள் எட்டு மில்லிமீட்டர் அகலம். புதிய முறுக்காணிகளுக்குப் பத்து மில்லிமீட்டர் வேண்டும். துளைக் கருவியை நேராக வைத்து ஓட்டினால் மெல்லிய மரம் பிளந்துவிடும் என்று நண்பன் எச்சரித்தான். உருண்டை அரம் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: அப்பாவின் கடை.

ஒரு சனிக்கிழமை மாலை கிதாரையும் முறுக்காணிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அப்பா ஒரு பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை மாட்டிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"கிதாருக்கு முறுக்குற சாமான்."

"எவ்வளவு?"

சொன்னேன். அவர் கை நின்றது.

"பணம் ஏது?"

நான் பேசவில்லை. அவரும் சிறிது நேரம் பேசவில்லை. சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப புத்தகம்?"

"வாங்கலப்பா."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அடிக்கவில்லை. "வாங்கிட்டேன்னு சொன்னியே" என்று மட்டும் கேட்டார். அதன்பின் அன்று இரவுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சோறு போட்டபோது, "என்ன நடந்துச்சு? ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றார். இருவரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் கடைக்குப் போன அப்பா ஆள் அனுப்பினார். போனேன். உருண்டை அரமும் உப்புத்தாளும் எடுத்து வைத்திருந்தார். "வாங்கினது வாங்கியாச்சு. வீணாப் போகக்கூடாது. பிடி" என்றார்.

ஆறு துளைகளையும் பெரிதாக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துவிடாமல் அரத்தைத் திருப்பித் திருப்பி ராவினார். முன்புறம் பாதி, பின்புறம் பாதி என்று இரு பக்கமும் வைத்து ராவினார். ஒரே பக்கமிருந்து ராவினால் மறுபக்கம் மரம் சிதறும் என்றார். முடிவில் ஒரு கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி உட்புறத்தை வழவழப்பாக்கினார். முறுக்காணிகள் ஆறும் அளந்தது போல் உட்கார்ந்தன. புதுக் கம்பிகளைப் பூட்டினேன். சுருதி சேர்த்தேன். கைப்பிடியை அழுத்தி விட்டேன்.

சுருதி போய்விட்டது!

இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய், மூன்று மாதப் படிப்புப் பணம், ஒரு பொய், மூன்று மணி நேர உழைப்பு. அத்தனைக்கும் பிறகு மேடையில் கேட்ட அதே பிசகு. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. "புதுக் கம்பி இல்லையா, நீண்டு கொடுக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மீண்டும் சேர்த்தேன். மீண்டும் அழுத்தினேன். மீண்டும் அதே கதி.

அப்பா அருகில் வந்து உட்கார்ந்தார். "இன்னொருவாட்டி திருகு" என்றார். திருகினேன். "மெதுவா." மெதுவாகத் திருகினேன். கம்பியிலிருந்து "டிக்" என்று மிக மெல்லிய ஓசை வந்தது. நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பொருட்படுத்தியதில்லை.

"அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருது?"

"தெரியலப்பா."

"இப்ப அந்தப் பிடியை அமுக்கிட்டு விடு. கம்பி சத்தம் ஏறுதா, இறங்குதா?"

அழுத்தி விட்டு மீட்டிப் பார்த்தேன். கைப்பேசியிலிருந்த சுருதிமானியும் காட்டியது. ஏறியிருந்தது.

"நழுவினா இறங்கணும். இது ஏறுது. அப்ப நழுவல. எங்கேயோ பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்றார் அப்பா.

நான் திகைத்துப் போனேன். சுருதி போகிறது என்று மட்டும் பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் போகிறது என்று நான் பார்க்கவே இல்லை. கடைக்காரரும் பார்க்கவில்லை. கம்பி தண்டில் நழுவினால் தளரத்தான் செய்யும், ஒருபோதும் இறுகாது. கிதார் வாசிக்கத் தெரியாத ஒருவர் கேட்ட ஒரே கேள்வியில் கடைக்காரர் சொன்ன காரணம் பொய்யாயிற்று.

"சைக்கிள் போக்ஸ் கம்பி மாதிரிதாண்டா இது" என்று அவர் விளக்கினார். பழைய கறுப்புச் சைக்கிளில் முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி. கோட்டம் எடுக்கும்போது கம்பியின் நுனியிலிருக்கும் நிப்பிளைத் திருகுவார்கள். துருப்பிடித்திருந்தால் நிப்பிள் திரும்பாமல் கம்பியே முறுக்கிக்கொள்ளும். கோட்டம் போய்விட்டது போலவே தெரியும். ஆள் ஏறி நான்கடி போனதும் "டிக் டிக்" என்று முறுக்கு விட்டுப் பழையபடி ஆகிவிடும். அதனால் முதலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் திருகவேண்டும். கம்பிகள் சமமாக இறுகியிருக்கின்றனவா என்று பார்க்க அப்பா ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிக் காதால் கேட்பார். சிறுவயதிலிருந்து அந்த ஓசையைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் அது இசை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கிதாரின் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் ஆறு காடிகள் வெட்டிய வெள்ளைப் பட்டை ஒன்று உண்டு. 'நட்' என்பார்கள். நாம் ஸ்பேனரால் திருகும் நட்டு வேறு. கம்பிகள் அந்தக் காடிகளின் வழியாகத்தான் முறுக்காணிக்குப் போகின்றன. மாமா மெல்லிய கம்பிகள் போட்டிருந்தார். நான் சற்றுத் தடித்த கம்பிகள் போட்டிருந்தேன். காடிகள் கம்பிகளைக் கவ்விப் பிடித்தன. கைப்பிடியை அழுத்தும்போது இந்தப் பக்கம் கம்பி தளர்கிறது. அந்தப் பக்கம் இறுக்கமாயிருப்பதால் கம்பி சிறிது தலைப்பக்கம் நகர்கிறது. கையை விட்டதும் அது திரும்பி வரவேண்டும். காடி விடுவதில்லை. ஆகவே இந்தப் பக்கம் இறுக்கம் கூடிச் சுருதி ஏறிவிடுகிறது.

மருந்து என்ன தெரியுமா? என் சட்டைப்பையிலிருந்த பென்சில்! உப்புத்தாளின் விளிம்பை மடித்துக் காடிகளின் பக்கங்களை மட்டும் இரண்டு இழுப்பு இழுத்தார் அப்பா. அடியில் படாமல் பார்த்துக்கொண்டார். ஆழமானால் கம்பி கட்டையில் உரசும். பிறகு பென்சில் முனையால் காடிகளில் நன்றாகத் தேய்த்தோம். பென்சில் கரி வழுக்கும் பொருள். எண்ணெய் போல் மரத்தில் ஊறாது. தலையில் இரண்டு மெல்லிய கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் சிறு கொக்கியின் அடியிலும் தேய்த்தோம். கம்பிகளைப் பூட்டி, சுருதி சேர்த்து, கைப்பிடியை அழுத்தி விட்டேன். ஆறில் ஐந்து கம்பிகள் அசையாமல் நின்றன. மூன்றாவது மட்டும் அணுவளவு ஏறியது.

செலவு: ஒன்றுமில்லை.

நிற்க. இதில் எனக்கு மிகுந்த வெட்கம் தந்த செய்தியை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். அன்றிரவு என் செய்முறைப் பதிவேட்டைப் புரட்டினேன். முதல் பருவத்தில் சுரமானிச் சோதனை செய்திருக்கிறேன். மரப்பெட்டியின் மேல் ஒரு கம்பி. ஒரு முனை ஆணியில் கட்டியிருக்கும். மறுமுனை கப்பியின் மேல் சென்று எடைத் தாங்கியைத் தொங்கவிடும். அரைக் கிலோ எடைகளைச் சேர்த்துச் சேர்த்து, இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் வைத்து, கம்பியின் மேலிருக்கும் சிறு காகிதத் துண்டு துள்ளி விழும் நீளத்தைக் குறித்துக்கொள்வோம். இழுவிசையின் வர்க்கமூலத்திற்கேற்ப அதிர்வெண் கூடும் என்பது விதி. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1636இல் தம் நூலில் வெளியிட்ட விதி அது. அந்தச் சோதனையின் முடிவில், 'பிழைகள்' என்ற தலைப்பின் கீழ், என் கையெழுத்தில், சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்: கப்பியில் உராய்வு இருந்தால் கம்பியின் இழுவிசை தொங்கும் எடைக்குச் சமமாக இராது.

வாய்மொழித் தேர்வில் எங்கள் பேராசிரியர் அதையே கேட்டார். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். முழு மதிப்பெண் போட்டார். அந்தக் கப்பிதான் என் கிதாரின் தலையில் ஆறு காடிகளாக உட்கார்ந்திருந்தது என்பதை நான் அறியவில்லை. எழுதியவன் நான், அறிந்தவர் அப்பா.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிதாரின் மிக மெல்லிய கம்பியின் அதிர்வெண் வினாடிக்கு 329.6. அதன் விட்டம் 0.254 மில்லிமீட்டர். அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். இதற்கு வேண்டிய இழுவிசை ஏறக்குறைய ஏழேகால் கிலோ எடைக்குச் சமம். ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 47 கிலோ. சரி, சுருதி ஒரே ஓர் அதிர்வு கூடினால் என்ன? சரியான ஒலியோடு சேர்ந்து கேட்கும்போது வினாடிக்கு ஒரு விம்மல் உண்டாகும். கேட்பவர் காது அதைக் கண்டுகொள்ளும். அந்த ஓர் அதிர்வு கூட இழுவிசை எவ்வளவு கூட வேண்டும்? ஏறக்குறைய 45 கிராம். கம்பி எவ்வளவு தூரம் காடியில் சிக்கி நிற்க வேண்டும்? எஃகின் மீட்சித் தன்மையைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அதில் மூன்று கூறு! ஒரு தலைமயிரின் தடிமன்கூட இல்லை. அந்த மயிரிழையில்தான் என் மானம் சென்ற ஆண்டு மேடையில் போனது.

கணக்கைப் பேராசிரியரிடம் காட்டினேன். சரிபார்த்தார். ஓரிடத்தில் அலகைத் தவறாக எழுதியிருந்ததைச் சுழித்தார். "இதைக் கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டார். "அப்பா" என்றேன். "அவரை ஒருநாள் ஆய்வகத்துக்குக் கூட்டி வா" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ, உண்மையாகவே சொன்னாரோ, எனக்கு அது பெரிய பரிசாக இருந்தது.

அப்படியானால் லாக்கிங் டியூனர் வீண்தானா என்று கேட்பீர்கள். வீணில்லை. தண்டில் சுற்றிய கம்பி தளர்ந்து இறுகும்போது சுற்றுகள் சற்று இடம் மாறும். அந்தக் குறையை அது நீக்குகிறது. கம்பி அறுந்தால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். மேடையில் இது சிறிய நன்மையன்று. ஆனால் உராய்வை அது தொடவே தொடாது. கம்பியை நட்டிலேயே பூட்டிவிடும் வேறொரு முறையும் உண்டு. 1979இல் ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது அது. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நானும் குழம்பியவனே. இன்னொன்று: திருகுப்பல் பற்சக்கரத்தைச் சுற்றும், பற்சக்கரம் திருகுப்பல்லைச் சுற்றாது. ஆகவே முறுக்காணி தானாகப் பின்னால் சுழல்கிறது என்பது பெரும்பாலும் வெறும் ஐயம். பற்களின் இடையே சிறு ஆட்டம் இருக்கலாம். அதற்கு வழி, சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துவதுதான். கிதார் வைத்திருக்கும் நண்பர்கள் கடைக்குப் போகுமுன் பென்சிலை எடுங்கள் என்பது என் அனுபவம் தரும் அறிவுரை. சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவருக்கு வகுத்த முறையும் இதுவே அல்லவா? கோளாறு இன்னது, அதன் காரணம் இன்னது என்று தெரிந்த பிறகுதான் மருந்து. நான் மருந்தை முதலில் வாங்கிவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடினேன்.

லியோ ஃபெண்டரை நினைவில் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா? அவர் தம் கிதாரின் ஆறு முறுக்காணிகளையும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்தார். அதனால் கம்பிகள் நட்டைத் தாண்டிப் பக்கவாட்டில் வளையாமல் நேராகச் செல்கின்றன. நட்டில் சிக்குவதும் குறைகிறது. வாசிக்கத் தெரியாத ஒரு ரேடியோ மெக்கானிக் அமைத்த அமைப்பு அது. வாசிக்கத் தெரியாத ஒரு சைக்கிள் மெக்கானிக் அதன் நகலில் குறை கண்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: பொருளைக் கையில் எடுத்து, அது என்ன செய்கிறது என்று பார்ப்பது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. அப்பா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நானே ஞாயிறுதோறும் கடையில் உட்கார்கிறேன். பஞ்சர் ஒட்டுகிறேன், ஓவராயிலிங் செய்ய உதவுகிறேன், பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுகிறேன். நாளுக்கு நூறு ரூபாய் என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். இதுவரை இருபத்திரண்டு ஞாயிறுகள் ஆகியிருக்கின்றன. இன்னும் ஆறு இருக்கிறது. ஒளியியல் புத்தகத்தை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். கணிதப் புத்தகத்தை மூத்த மாணவர் ஒருவர் இலவசமாகக் கொடுத்தார். கால்குலேட்டர் இன்னும் வாங்கவில்லை. மேலே சொன்ன கணக்கை மடக்கை அட்டவணை கொண்டுதான் போட்டேன். பொய்க்குத் தண்டனையாக அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடையில் உட்காரத் தொடங்கிய பிறகு இன்னொன்றும் தெரிந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது, அப்பாவின் உலகத்திலிருந்து வெளியே போகிறேன் என்று நினைத்தேன். படிப்பு என்பது அந்த எண்ணெய்க் கையை விட்டு விலகும் வழி என்று, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், உள்ளுக்குள் எண்ணியிருந்தேன். உராய்வு என்ற சொல் என் பாடப்புத்தகத்தில் இருந்தது. உராய்வு என்ற பொருள் அவர் விரல் நுனியில் இருந்தது. நம் கல்லூரியில் என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர் பலர். உங்கள் வீட்டிலும் தறியோ, உளியோ, மண்வெட்டியோ, தையல் இயந்திரமோ இருக்கும். உங்கள் பாடப்புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கம் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை தேடிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு விழாவிலும் வாசித்தேன். அதே நண்பன் பாடினான். அப்பா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அரங்கின் பின்புறம், சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கத்துக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. இரண்டு பாட்டும் பிசகில்லாமல் முடிந்தன. கைப்பிடியை நான்கு முறை அழுத்தினேன். கைதட்டல் கிடைத்தது. பந்தல்காரர் என்று கூவிய நண்பரும் எழுந்து நின்று தட்டினார்.

விழா முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சிறிது தூரம் பேசாமல் வந்தவர் சொன்னார்:

"ரெண்டாவது பாட்டு முடியறப்ப மூணாவது கம்பி கொஞ்சம் ஏறி நின்னுச்சு. நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டு வா, பாப்போம்."

அவர் சொன்னது சரி. ஏறித்தான் நின்றது.